மாலை போட்ட படத்தை என்ன செய்வது? மறுவிற்பனை வீடு காட்டல் குறித்த ஆய்வுரை

விற்கும் வீட்டைப் பிறருக்குக் காட்டுவது எப்படி என்பதற்குத் தமிழில் தனி நூல் இல்லை. வீடு கட்ட மனையடி சாஸ்திரம் இருக்கிறது. கட்டியபின் குடிபுக நாள் பார்க்கப் பஞ்சாங்கம் இருக்கிறது. புகுந்தபின் தலையில் பல்லி விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்கும் அதே பஞ்சாங்கத்தில் பட்டியல் உண்டு. இருபது வருஷம் குடியிருந்த வீட்டை, முன்பின் தெரியாத ஏழு பேர் படுக்கையறை வரை வந்து பார்க்கும்போது என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும் முன்னோர் வாய் திறக்கவில்லை. வீட்டை விற்பதே குடும்பத்துக்கு ஆகாத காரியம் என்று அவர்கள் கருதியிருக்கலாம். விற்றாலும் பங்காளிக்கோ அண்டை வீட்டுக்காரருக்கோதான் விற்றார்கள்; எந்த ஓடு எந்த மாதத்தில் ஒழுகும் என்பது அவர்களுக்கு விற்பவரைவிட நன்றாகத் தெரியும். காட்ட வேண்டிய தேவை எழவில்லை. அடுக்குமாடி வந்தபின் எழுந்துவிட்ட அந்தத் தேவையை நிறைவு செய்ய முனைகிறது இவ்வாய்வு.

ஆய்வு எல்லையும் ஆய்வாளர் தகுதியும்

சென்னையில், கட்டி இருபது ஆண்டு ஆன, லிஃப்ட் இருந்தும் ஓடுவதை உறுதி சொல்ல முடியாத, பன்னிரண்டு பதினாறு குடித்தனக் குடியிருப்புகளின் இரண்டு படுக்கையறை வீடுகளோடு இவ்வாய்வு நின்றுகொள்கிறது. மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி ஆகியவை களங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்கள் விலக்கப்பட்டன; அங்கே வருகிறவர்கள் மொட்டை மாடியில் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு, வீட்டைப் பார்க்க மறந்து போய்விடுகிறார்கள்.

ஆய்வாளரின் தகுதி: ஊரில் இல்லாத அண்டை வீட்டாரின் சாவி என்னிடம்தான் இருக்கும். எங்கள் குடியிருப்பில் யார் அமெரிக்கா போனாலும் துளசிக்குத் தண்ணீர் விடும் வேலையோடு, பார்ட்டி வந்தால் வீடு காட்டும் வேலையும் என் தலையில் வந்து விடிகிறது. ஊதியம் கிடையாது. திரும்பி வரும்போது ஒரு பாக்கெட் பாதாம் பருப்பு கிடைக்கும். இவ்வாய்வுக்கு எந்த நிறுவனத்தின் நிதியுதவியும் பெறப்படவில்லை, பாதாம் நீங்கலாக.

அமெரிக்க மரபும் அதன் மறுப்பும்

வீட்டை விற்பனைக்கென்று அலங்கரிக்கும் தொழிலை 1970-களில் சியாட்டில் நகரப் பக்கம் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற வீட்டு முகவர் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். அந்த மரபின் மூலச் சூத்திரம் இது: வீட்டில் இருப்பவரின் அடையாளம் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. குடும்பப் படங்களைக் கழற்று, சாமான்களைக் குறை, சுவருக்கு வெளிர் நிறம் அடி, வருகிறவர் அந்த ஹாலில் தன்னையே கற்பனை செய்துகொள்ளட்டும். யூடியூப் வழியாக இந்தச் சூத்திரம் சென்னைத் தரகர்களிடமும் வந்து சேர்ந்துவிட்டது. "போட்டோ எல்லாம் எடுத்துடுங்க சார், நீட்டா இருக்கும்" என்று அவர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதை மறுக்கவே இவ்வாய்வு. இருபது வருஷம் படம் மாட்டியிருந்த சுவரில் படத்தைக் கழற்றினால் ஆணி மிஞ்சும். ஆணிக்குக் கீழே, சுற்றியுள்ள சுவர் அழுக்கேறியிருக்க, தான் மட்டும் பழைய நிறத்தோடு ஒரு செவ்வகம் மிஞ்சும். வருகிற கூட்டத்தில் ஒரு பாட்டி கட்டாயம் இருப்பார். அவர் ஹாலைப் பார்க்க மாட்டார், பால்கனியைப் பார்க்க மாட்டார், அந்தச் செவ்வகத்தைப் பார்ப்பார். "இங்க என்ன படம் இருந்தது?" என்பார். இதற்கு எந்தப் பதில் சொன்னாலும் "அத ஏன் எடுத்தீங்க?" என்ற கேள்வி வரும். வெறும் சுவர் நம் ஊரில் மூன்று செய்திகளைத்தான் சொல்லும்: கடன், விவாகரத்து, அகால மரணம்.

சென்னையில் வீடு பார்க்க வருகிறவர் அந்த ஹாலில் தன்னைக் கற்பனை செய்வதில்லை. அங்கே இருந்தவர்களைத் துருவுகிறார். இவர்கள் இங்கே வந்தபின் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்தால் ஏன் போகிறார்கள்? பத்திரத்தில் எழுதுவது என்னவோ பிரிபடாத மனைப் பங்கும் இத்தனை சதுர அடிக் கட்டடமும்தான். மனத்தில் எழுதிக்கொள்வது ராசி. வீட்டைத் தயார் செய்வது என்றால் வீட்டைத் தயார் செய்வதல்ல, விற்பதற்கான காரணத்தைத் தயார் செய்வது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். பெருக்கித் துடைப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அந்தக் காரணத்துக்குச் செய்யும் பக்கவாத்தியம்.

இந்தச் சந்தேகத்துக்குப் பொருளியல் ஆதரவும் உண்டு. ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் தரம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது என்றால், வாங்குபவன் எல்லாவற்றையும் மட்டமான சரக்காகவே எண்ணி விலை கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்காமல் ஒதுங்கிக்கொள்வான் என்பது சாரம். அவருக்கு 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே கருத்தை எங்கள் தெரு மாமிகள் "நல்ல வீடா இருந்தா அவங்களே வெச்சுக்க மாட்டாங்களா?" என்று ஒரே வரியில் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பரிசுக்குழு மேற்கு மாம்பலம் பக்கம் வரவில்லை.

"ஏன் விக்கிறீங்க?" என்ற கேள்வி மூன்று இடங்களில் எழும்: முதல் தொலைபேசி அழைப்பில், ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, கடைசியாக வாசலில் குனிந்து செருப்பு மாட்டும்போது. மூன்றாவதுதான் ஆபத்தானது. முதல் இரண்டிலும் சொன்ன பதிலும் இதுவும் ஒன்றுதானா என்று சரிபார்க்கத்தான் அந்தக் குனிதல். செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. பதில்களில் தலையாயது: "இங்க வந்தப்புறம்தான் பையன் படிச்சு, பொண்ணு கல்யாணம் ஆகி, இப்ப பெருசா வாங்கிட்டோம்." இதில் விற்பனைக் காரணமும் ராசிச் சான்றிதழும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. இடையாயது: "பையன் டல்லாஸ்ல இருக்கான், எங்களையும் கூப்பிடறான்." கடையாயது: "முட்டி வலி, மாடி ஏற முடியல." உடனே லிஃப்ட் ஓடாது என்ற செய்தி கசிந்துவிடும். "அண்ணன் தம்பிக்குள்ள பாகம் பிரிக்கிறோம்" என்றால் வாங்குபவருக்கு முன்பாக அவருடைய வக்கீல் விழித்துக்கொள்வார். எத்தனை வாரிசு, எத்தனை கையெழுத்து, எந்த நாட்டில் யார் என்று கணக்கு நீளும்.

படங்கள்

இனி மையப் பகுதி. ஹாலில் படங்கள் இருக்க வேண்டும் என்று நிறுவியாயிற்று. எவை, எங்கே?

வாசலுக்கு நேர் எதிரே, கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி, பட்டமளிப்பு அங்கி அணிந்த மகனின் படம் இருக்க வேண்டும். பின்னணியில் வெளிநாட்டுக் கட்டடம் இருப்பது சிறப்பு. தலையில் சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய தாள். கேட்கப் போகும் கேள்விக்கு அது கேட்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் மகளின் கல்யாணப் படம். பேரக்குழந்தைகள் நயாகரா அருவிக்கு முன்னால் நீல மழைக்கோட்டு போட்டு நிற்கும் படம் இருந்தால், விலையை ஓரளவுக்கு மேல் குறைத்துக் கேட்க வந்தவருக்கே கூச்சம் வந்துவிடும்.

சாமி படங்கள் பற்றி விவாதம் இல்லை. அவை இருந்த இடத்தில் இருக்கட்டும்.

சிக்கல் மாலை போட்ட படங்களில் இருக்கிறது. தரகர்கள் ஒருமுகமாக "எடுத்துடுங்க" என்கிறார்கள். களப்பணி இதற்கு நேர்மாறான முடிவைத் தருகிறது. என் சாவிப் பொறுப்பில் இருந்த ஒரு வீட்டில், சந்தன மாலையும் சின்னச் சிவப்பு பல்புமாக ஒரு பெரியவர் படம் இருந்தது. ஊரிலிருந்து விற்கவென்று வந்திருந்த மருமகள் அன்று வீட்டில் இருந்தார். பார்க்க வந்த கூட்டத்துப் பாட்டி நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"யாரும்மா இவங்க?"

"என் மாமனார்மா."

"என்ன வயசுல?"

"தொண்ணூத்தொண்ணு."

"ஆஸ்பத்திரியிலயா?"

"இல்லம்மா, இந்த ரூம்லதான். காபி குடிச்சாரு, படுத்தாரு. அவ்வளவுதான்."

"புண்ணியவான்!"

அதன் பிறகு அந்தப் பாட்டி அறைக்குள் போய், கட்டில் எந்தத் திசையில் போட்டிருந்தது, தலை எந்தப் பக்கம் வைத்திருந்தார் என்று விசாரித்து மனத்தில் வாங்கிக்கொண்டார். அதுவரை சமையலறை அக்னி மூலையில் இல்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. ஆக, தொண்ணூறைத் தாண்டிய மாலைப் படம் வில்லங்கமல்ல, வசதி. கார் நிறுத்துமிடத்துக்கு அடுத்தபடியாக விளம்பரத்திலேயே போடத்தக்கது. எண்பதுக்கு மேல் பாதகமில்லை. எழுபதுகளில் என்ன நோய் என்று கேட்பார்கள். சர்க்கரை என்றால் சமாதானம் அடைவார்கள், அது வீட்டினால் வருவதல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு வீட்டில் மாலைக்குப் பின்னால் இருந்தது கல்லூரி வயதுப் பையன். தரகர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், அந்த அம்மா கழற்றவில்லை. வருகிறவர்கள் ஹாலிலேயே தயங்கி, படுக்கையறைகளைப் பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெகு காலம் கழித்து, குறைந்த விலைக்கு விற்றது. இவ்வாய்வு அந்த இடத்தில் எந்தப் பரிந்துரையும் செய்யாது.

காலம்

வீடு பார்க்க ஏற்ற நேரத்தைக் கணக்கிடுவது எளிது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் நாள். ஞாயிறன்று ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை. 1.30-க்குச் சாப்பாடு, பிறகு ஒரு தூக்கம். தூங்கி எழுந்து வரலாம் என்றால் 3 முதல் 4.30 வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அந்த நேரத்தில் வீடு பார்க்கத் தொடங்கினால் ஆயுசுக்கும் வீடு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் போதாது. காலை ஒன்பதுக்கு முன் எந்தக் குடும்பமும் முழுதாகக் கிளம்பி வண்டி ஏறியதாக வரலாறு இல்லை. மீந்தது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. அந்த மூன்று மணி நேரத்தில்தான் ஒவ்வொரு வீட்டிலும் வாரத் துணி ஊறுகிறது, மீன் கழுவப்படுகிறது, வளர்ந்த பையன் குப்புறப் படுத்து உறங்குகிறான். வீட்டைக் காட்டுவதில் ஏற்படும் எல்லா அவலங்களுக்கும் பஞ்சாங்கமே மூலகாரணம் என்பது இதனால் பெறப்படும்.

மாதக் கணக்கு இன்னும் கெடுபிடி. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் வாங்குபவர் வரத் துடிப்பார், விற்பவர் கதவைத் திறக்க மாட்டார். மழையில் வீடு பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்று வாங்குபவருக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

திசை

கூட்டத்தில் ஒரு மாமா உண்டு. அவர் யாருக்கு மாமா என்பது கடைசி வரை தெரியாது. அவர் வீட்டைப் பார்ப்பதில்லை, கைபேசியில் திசைகாட்டியைப் பார்க்கிறார். ஈசானியத்தில் கழிவறை இருக்கிறதா, கன்னி மூலையில் பெரிய படுக்கையறை வருகிறதா, அடுப்பு அக்னியில் எரிகிறதா என்று முள்ளைப் பார்த்தபடி நடந்து சோபாவில் முட்டிக்கொள்கிறார். சென்னையில் காந்த வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் ஓரிரு பாகைதான் வித்தியாசம், அதனால் பிழை அங்கே இல்லை. பிழை இரும்பில் இருக்கிறது. கைபேசியின் காந்த உணரி கான்கிரீட் தூணுக்குள் இருக்கும் கம்பிக்கும், ஸ்டீல் பீரோவுக்கும், வாஷிங் மெஷினுக்கும் பக்கத்தில் போனால் தடுமாறும். ஒரே வீட்டில் ஹால் நடுவே ஒரு வடக்கு, தூணோரம் ஒரு வடக்கு, பீரோ முன்னால் ஒரு வடக்கு எனப் பல வடக்குகள் கிடைப்பதைக் கள ஆய்வு உறுதிப்படுத்துகிறது. பீரோவை எங்கே வைப்பது என்று விற்பவர் யோசிக்க வேண்டிய இடம் இது. மேற்கொண்டு சொல்வது ஆய்வறத்துக்குப் புறம்பானது.

அறையின் அளவை நாடாவால் அளந்து, மனையடி சாஸ்திரத்தில் எந்த அடிக்கு என்ன பலன் என்று பார்ப்பவரும் உண்டு. 10 அடி, 11 அடி என்றால் முகம் மலரும். 13 என்றால் வாடும். பூச்சைச் சேர்த்து அளப்பதா, செங்கல்லிலிருந்து அளப்பதா என்று அவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருப்பதால் இரண்டு அங்குலத்தை எந்தப் பக்கமும் இழுத்துக்கொள்ளலாம்.

ஓதம், காலண்டர், சட்டம்

இருபது வயதுக் கட்டடத்தில் ஓதம் இல்லாத வீடு கிடையாது. பெரும்பாலும் குளியலறைக்கு மறுபக்கச் சுவரில், அல்லது மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே உள்ள கூரையில். சுவருக்குள் ஊறும் நீர் செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்து வெளிப்பக்கம் கொண்டுவருகிறது. நீர் உலர்ந்து போகிறது, உப்பு வெள்ளையாய்ப் பூத்து நிற்கிறது, பெயிண்ட் உரிகிறது. இதன் மேல் பட்டி பார்த்து எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் நீர் வரும் வழியை அடைக்காதவரை அடுத்த மழைக்குள் உப்பு மீண்டும் பூக்கும். ஆயினும் அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது கைப்பட எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். அடித்தால் நான்கு சுவருக்கும் அடிக்க வேண்டும், இல்லையென்றால் காலண்டர்.

ஓதம் மறைக்கும் காலண்டர் சாதாரணக் காலண்டரிலிருந்து உயரத்தால் வேறுபடும். நாள் பார்க்க மாட்டியது கண் உயரத்தில் இருக்கும். ஓதம் மறைக்க மாட்டியது முழங்கால் உயரத்தில்கூட இருக்கும். ஓதம் பரவப் பரவ, தினசரிக் காலண்டர் மாதக் காலண்டராகும், பிறகு நகைக்கடை கொடுத்த பெரிய லட்சுமி படமாகும், அதன்பின் பீரோதான்.

இதில் சட்டப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55: சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். ஆகவே முழு நியாயமும் 'சாதாரணக் கவனம்' என்ற தொடரின் மேல் நிற்கிறது. காலண்டரைத் தூக்கிப் பார்ப்பது சாதாரணக் கவனமா, அசாதாரணக் கவனமா? கவிழ்த்து வைத்த வாளியைப் புரட்டிப் பார்ப்பது? கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிப்பது? எங்கள் பகுதியில் வீடு பார்க்க வரும் பெண்கள் முதலில் காலண்டரைத்தான் தூக்குகிறார்கள். ஆதலால் மேற்கு மாம்பலத்தைப் பொறுத்தவரை அது சாதாரணக் கவனமே என்பது என் துணிபு. பிற பகுதிகளுக்கு இது பொருந்துமா என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யட்டும். சொல்லிவிடுவது சுலபம் என்று கருதுவாரும் உளர். "மேல்வீட்டு டிராப் லீக் ஆகுது, பேசி வெச்சிருக்கோம், சரி பண்ணிடுவாங்க" என்று முதலிலேயே சொன்ன ஒரு பெரியவரின் வீட்டுக்கு, பார்த்தவர்கள் இரண்டாம் முறையும் வந்ததை நேரில் கண்டேன். ஒன்றை ஒப்புக்கொண்டவர் மற்றதை மறைக்க மாட்டார் என்று அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். மற்றதை அவர் மறைத்தாரா என்பது வேறு ஆய்வு.

நீர்

"2015-ல தண்ணி வந்ததா?" என்ற கேள்விக்குச் சென்னை முழுவதும் ஒரே பதில்தான்: "தெருமுனை வரைக்கும் வந்தது, இந்தப் பக்கம் வரல." இச்சான்றுகளை எல்லாம் தொகுத்து வரைபடத்தில் குறித்தால், அந்த டிசம்பர் வெள்ளம் நகரத்தின் தெருமுனைகளில் மட்டுமே நின்றது என்ற வியப்பான முடிவு கிட்டுகிறது. 2023 மிக்ஜாம் புயல் மழைக்கும் இதே பதில் சிறு மாற்றத்தோடு பயன்படுகிறது. வண்டி நிறுத்தும் தளத்துத் தூண்களில் அண்மையில் இடுப்பு உயரம் வரை கறுப்பு மஞ்சள் பட்டை அடித்திருந்தால், அது வண்டிகள் மோதாமல் இருக்க மட்டும்தானா என்று வாங்குபவர் வாட்ச்மேனிடம் தனியாகக் கேட்பது நல்லது.

வெள்ளத்துக்கு அடுத்த கேள்வி வறட்சி. 2019 கோடையை யாரும் மறக்கவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த வருஷம் அது. அதனால் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எல்லாக் குழாய்களையும் ஒரே சமயத்தில் திறப்பார். வருவதற்கு அரை மணி முன்பே மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் டைல்ஸில் மஞ்சள் கறை படிந்திருக்கும். அதைப் போக்க முதல் நாள் இரவு ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். தேய்க்கட்டும், கூடவே பிளீச்சிங் பவுடரைப் போட வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, மூடிய குளியலறையில் அது விளையாட்டல்ல. வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டும், விற்கும் முன்பே போய்விடக் கூடாது.

மணம்

அமெரிக்க நூல்கள் பார்ட்டி வரும் நேரத்தில் பிஸ்கட் சுடச் சொல்கின்றன. அதற்கு இணையாக நம் ஊரில் டிகாக்‌ஷன் இறக்கலாம், கெடுதல் இல்லை. ஒரு கஷ்டம், தன் வீட்டு வாசனை தனக்குத் தெரியாது. தொடர்ந்து இருக்கும் மணத்தை மூக்கு சிறிது நேரத்தில் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. வத்தக்குழம்பும் நாப்தலின் உருண்டையும் நாயும் ஒன்றாய்க் கலந்த மணத்தில் வாழ்பவர் "எங்க வீட்ல எந்த வாசனையும் வராது" என்று சத்தியம் செய்வார், பொய்யல்ல. வெளியிலிருந்து ஒரு மூக்கை இரவல் வாங்கி முதல் நாளே முகரச் செய்வது முறை. அந்தப் பணியையும் நான் செய்திருக்கிறேன்.

சாம்பிராணி அளவோடு இருக்க வேண்டும். கண் கரிக்கும் அளவுக்குப் புகை போட்டால் எதை மறைக்கிறார்கள் என்று தேடத் தொடங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை கருவாடு வறுப்பதா கூடாதா என்பது வருகிறவரைப் பொறுத்தது. வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். "அப்பாடா, இங்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்று சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து விலை பேசத் தொடங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். பின்னவர்களுக்கு வீடு காட்டுவது சுகம்.

பரணும் எதிர்வீடும்

சாமானைக் குறைக்கச் சொல்வது எளிது. நம் வீட்டுப் பரணில் இருப்பவை குறையும் தன்மை உடையவை அல்ல: பித்தளை அண்டா, கொலுப்படி, பேரன் வந்தால் வேண்டியிருக்கும் தொட்டில், வாரண்டி முடிந்து பத்தாண்டு ஆன மிக்ஸியின் அட்டைப்பெட்டி. இவற்றை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். பரணிலிருந்து இறங்கியவை கட்டிலடிக்குப் போகும். கட்டிலடியில் இருந்தவை எதிர்வீட்டுக்குப் போகும். எதிர்வீட்டு மாமி அதற்கு ஈடாகப் பார்ட்டி வரும்போது தானும் வந்து நிற்பார். அங்கேதான் மொத்த ஏற்பாடும் கவிழும். அவர் நல்லெண்ணத்தோடுதான் பேசுவார். "ரொம்ப நல்ல வீடும்மா. எவ்வளவு பேரு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க!" என்பார். அந்த ஒரு வாக்கியம் சந்தை விலையிலிருந்து கழிக்கும் தொகையை எந்த வழிகாட்டி மதிப்பும் ஈடு கட்டாது.

வீட்டையே பார்க்காத ஓர் இனமும் உண்டு. வாசலில் நின்றபடி மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அப்ரூவல் பிளான், யுடிஎஸ் என்னும் பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று மனக்கணக்காகவே கூட்டி முடிப்பார்கள். அவர்களுக்கு ஓதமும் ஒன்று, நயாகராவும் ஒன்று. வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். வாங்கிய கையோடு கொத்தனாரை அழைத்து வந்து, நான்கு சுவருக்கும் பெயிண்ட் காய்ந்திருக்கும் ஹாலில் நின்று, "இந்தச் செவுத்த எடுத்துடலாமா?" என்று கேட்பவர்களும் அவர்கள்தான்.

மேலாய்வுக்கு உரியவை பல. வருகிற குழந்தை பதினெட்டு சுவிட்சுகளில் வேலை செய்யாத ஒன்றை மட்டும் முதலில் போட்டுப் பார்ப்பது எப்படி? வாட்ச்மேனின் மௌனத்துக்கு என்ன விலை? இவற்றினும் முதன்மையானது, விற்றவரே வாங்கப் போகும்போது நிகழும் மாற்றம். எங்கள் குடியிருப்பில் அண்மையில் வீட்டை விற்ற ஒருவரோடு, அவர் வாங்க நினைத்த சேலையூர் வீட்டைப் பார்க்கத் துணைக்குப் போயிருந்தேன். ஹாலில் நுழைந்தவுடன் அவர் காலண்டரைத் தூக்கினார். பின்னால் சுவர் பளிச்சென்று, ஒரு பொட்டு ஓதம் இல்லாமல் இருந்தது. மெதுவாகக் காலண்டரை விட்டுவிட்டு, சமையலறை, படுக்கையறை எல்லாம் பேசாமல் சுற்றினார். செருப்பு மாட்டக் குனிந்தபோது என் காதருகே வந்து கேட்டார்: "செவுரு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு அங்க காலண்டர் மாட்டியிருக்காங்க?"